நான்கு அன்னையர், பன்னிரண்டு பிள்ளைகள்: ஒரு கணக்கு பிறந்த கதை

பஸ்கா இரவு விருந்தின் கடைசியில் யூதக் குடும்பங்கள் ஓர் எண் பாட்டைப் பாடும். ஒன்றிலிருந்து பதின்மூன்று வரை ஒவ்வோர் எண்ணுக்கும் மறைநூலிலிருந்தோ மரபிலிருந்தோ ஒன்றைச் சொல்லிக்கொண்டு போகும் பாட்டு. மூன்றுக்கு மூதாதைத் தந்தையர், நான்குக்கு அன்னையர், பன்னிரண்டுக்கு இஸ்ரவேலின் கோத்திரங்கள். தூங்கி விழும் குழந்தைகளையும் நிமிர்ந்து உட்காரவைக்கும் உற்சாகமான மெட்டு. பாடுகிற வேகத்தில் யாரும் நான்கையும் பன்னிரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லை. பார்த்தால் கணக்கு இடிக்கும்.

நான்கு அன்னையர் என்றால் சாராள், ரெபேக்காள், ராகேல், லேயாள். பன்னிரண்டு கோத்திரத் தலைவர்களுக்குச் சாராள் கொள்ளுப்பாட்டி, ரெபேக்காள் பாட்டி. பெற்ற தாய்மார் என்று பார்த்தால் லேயாளுக்கு ஆறு ஆண்மக்கள், ராகேலுக்கு இரண்டு. எட்டோடு நின்றுவிடுகிறது. மிச்சமுள்ள தாண், நப்தலி, காத், ஆசேர் ஆகிய நால்வரைப் பெற்றவர்கள் பில்காளும் சில்பாளும். பிள்ளைகள் பன்னிரண்டுக்குள் சேர்ந்துவிட்டார்கள். பெற்றவர்கள் நான்குக்குள் வரவில்லை. இந்த நான்கு என்ற எண் எங்கே பிறந்தது, அதே மரபுக்குள் ஆறு என்ற எண்ணும் எப்படி உயிரோடு இருந்தது என்பதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

தொடக்கம் பதான் அராமில், இன்றைய துருக்கியின் தெற்கே சிரியா எல்லையை ஒட்டிய ஆரான் பக்கத்தில். அண்ணன் ஏசாவை ஏமாற்றிவிட்டு ஓடிவந்த யாக்கோபு, தாய்மாமன் லாபானிடம் ஏழு ஆண்டு ஆடு மேய்க்கிறான். கூலி, இளையவள் ராகேல். கல்யாண இரவில் மாமன் மூத்தவள் லேயாளை அனுப்பிவிடுகிறான். விடிந்தபின் ராகேலையும் தருகிறேன் என்று சொல்லி இன்னும் ஏழு ஆண்டு வேலை வாங்குகிறான். இந்தப் பெரிய நாடகத்துக்கு நடுவே, ஆதியாகமம் 29ஆம் அதிகாரத்தில், இரண்டே இரண்டு வசனங்கள் வந்து போகின்றன. லாபான் சில்பாளை லேயாளுக்கும் பில்காளை ராகேலுக்கும் வேலைக்காரிகளாகக் கொடுத்தான். எந்த ஊர்க்காரிகள், யார் மக்கள் என்று ஆதியாகமம் சொல்வதில்லை. சீதனச் சாமான்களோடு சாமானாக இரண்டு பெண்கள் அந்தக் குடும்பத்துக்குள் வந்து சேர்கிறார்கள்.

அந்தக் காலத்தில் இது ஊரறிந்த நடைமுறை. ஈராக்கின் கிர்குக் நகருக்கு அருகே நூசி என்ற பழைய ஊரை 1925 முதல் 1931 வரை அகழ்ந்தபோது களிமண் பலகைகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. கி.மு. 15, 14ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அவற்றில் ஒன்று, கிலிம்நினு என்ற பெண்ணுக்கும் ஷென்னிமா என்ற ஆணுக்கும் நடந்த கல்யாண ஒப்பந்தம். கிலிம்நினுவுக்குப் பிள்ளை பிறந்தால் ஷென்னிமா வேறொருத்தியைக் கட்டக்கூடாது. பிறக்காவிட்டால் லுல்லு நாட்டுப் பெண்ணொருத்தியை அவளே கணவனுக்குக் கொண்டுவந்து தரவேண்டும். அதே பலகையில், யலம்பா என்ற அடிமைப் பெண் கிலிம்நினுவுக்குக் கொடுக்கப்படுகிறாள் என்றும் எழுதியிருக்கிறது. லாபான் செய்ததும் இதேதான். இன்னும் பழைய அம்முராபி சட்டத்தின் 146ஆம் விதி இதைவிட வெளிப்படையாகப் பேசுகிறது. கோயில் பணிக்கு நேர்ந்துவிடப்பட்ட மனைவி தன் அடிமைப் பெண்ணைக் கணவனுக்குக் கொடுத்து, அவள் பிள்ளை பெற்றபின் எஜமானிக்குச் சமமாக நடக்க முயன்றால், பிள்ளை பெற்றவள் என்பதால் அவளை விற்கக்கூடாது. ஆனால் அடையாளக் குறியிட்டு மறுபடி அடிமைகளோடு எண்ண வேண்டும். பெற்றபின்னும் அவள் எந்தக் கணக்கில் வருவாள் என்பதைச் சட்டமே தீர்மானித்துவிட்டது.

ராகேலுக்குப் பிள்ளையில்லை. லேயாள் நான்கு பெற்றுவிட்டாள். பிள்ளை தராவிட்டால் செத்துப்போவேன் என்று ராகேல் கணவனிடம் சண்டைக்கு நிற்கிறாள். பிறகு ஒரு வழி சொல்கிறாள்: பில்காளிடம் போ, அவள் என் முழங்கால்மேல் பெறட்டும், அவளால் என் வீடு கட்டப்படட்டும். வலியெடுப்பவள் ஒருத்தி, மடி இன்னொருத்தியுடையது. பிள்ளை வெளியே வரும்போதே எஜமானியின் மடியில் விழவேண்டும் என்ற அந்த ஏற்பாட்டைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் மனம் கனத்துப்போகும். முதல் பிள்ளைக்குத் தாண் என்று பெயர் வைப்பவள் ராகேல். கடவுள் தன் வழக்கைத் தீர்த்தார் என்பது காரணம். இரண்டாவதுக்கு நப்தலி என்று வைப்பவளும் அவள்தான்; அக்காளோடு மல்லுக்கட்டி வென்றேன் என்பது காரணம். பில்காளின் இரண்டு பிள்ளைகளும் வாழ்நாள் முழுவதும் அக்காள் தங்கைச் சண்டையைத் தங்கள் பெயரில் சுமந்துகொண்டு திரிந்தார்கள். பெற்றவள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பாள் என்று கேட்க அந்த நூலில் யாருமில்லை.

சில்பாளின் நிலை இன்னும் கொடியது என்பது என் எண்ணம். லேயாளுக்கு மலட்டுத்தனம் என்ற சாக்குக்கூட இல்லை. நான்கு மகன்கள் மடியில் இருக்கும்போதே, பிள்ளைப்பேறு சற்று நின்றது என்பதற்காக, தங்கைக்குப் போட்டியாகச் சில்பாளைக் கொடுக்கிறாள். காத், ஆசேர் பிறக்கிறார்கள். அதிர்ஷ்டம், பாக்கியம் என்ற பொருளில் லேயாள் பெயர் வைக்கிறாள். மற்ற மூன்று பெண்களுக்கும் கருத்தரித்தாள், பெற்றாள் என்று எழுதும் ஆதியாகமம், சில்பாளுக்கு மட்டும் பெற்றாள் என்று ஒரே சொல்லோடு தாண்டிவிடுகிறது. 11ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் துரோவா ஊரில் வாழ்ந்த உரையாசிரியர் ராஷி இந்த விடுபாட்டைக் கவனித்திருக்கிறார். அவள் வயதில் மிகச் சிறியவள், கர்ப்பம் வெளியே தெரியவில்லை என்று விளக்கம் தருகிறார். சமாதானம் சொல்ல எழுதிய வரிதான். படிக்கும்போது ஒரு சிறுமி கண்முன் வந்து நிற்கிறாள்.

இருபது ஆண்டு கழித்து யாக்கோபு குடும்பத்தோடு ஊர் திரும்புகிறான். யாப்போக்கு ஆற்றைக் கடந்தாயிற்று. எதிரே ஏசா நானூறு ஆட்களோடு வருகிறான். வெட்டுவானா, கட்டிக்கொள்வானா என்று தெரியாது. யாக்கோபு வரிசை அமைக்கிறான். முன்னால் வேலைக்காரிகள் இருவரும் அவர்கள் பிள்ளைகளும். அடுத்து லேயாளும் பிள்ளைகளும். கடைசியில் ராகேலும் யோசேப்பும். ஒரு தகப்பன் தன் பிள்ளைகளை யார் முதலில் செத்தால் தாங்கும் என்று தரம்பிரித்து நிறுத்திய வரிசை அது. நல்லவேளை, ஏசா ஓடிவந்து தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதான். ஆனாலும் அந்த நான்கு பையன்களுக்கும் வரிசையில் தங்கள் இடம் எது என்று அன்றைக்குத் தெரிந்திருக்கும். பின்னாளில் யோசேப்பு அண்ணன்மாரால் குழிக்குள் தள்ளப்பட்ட கதையைப் படிக்கும்போது இந்த வரிசை நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

பிறகு ராகேல் பெத்லகேம் போகும் வழியில் பென்யமீனைப் பெற்றுவிட்டு இறந்துபோகிறாள். அதை அடுத்து 35ஆம் அதிகாரத்தின் 22ஆம் வசனம். லேயாளின் மூத்த மகன் ரூபன், தகப்பனின் மறுமனையாட்டி பில்காளோடு படுத்தான். தகப்பன் அதைக் கேள்விப்பட்டான். தோரா சுருளை விரித்துப் பார்த்தால் இந்த வசனத்தின் பாதியில் ஒரு வெற்றிடம் விட்டிருப்பார்கள். எழுத்தர்கள் தலைமுறை தலைமுறையாக அந்த இடைவெளியை அப்படியே பேணி வருகிறார்கள். அதன்பின் அதே வசனம் மீண்டும் தொடங்குகிறது: யாக்கோபின் மகன்கள் பன்னிரண்டு பேர். பில்காளுக்கு நடந்த கொடுமையும் பன்னிரண்டு என்ற எண்ணும் ஒரே வசனத்துக்குள், நடுவில் ஒரு வெற்றுத்தாள் அகலம். ஜெப ஆலயத்தில் எபிரேயத்தை வாசிக்க வாசிக்க அரமேயத்தில் பெயர்த்துச் சொல்லும் வழக்கம் இருந்த காலத்தில், இந்தப் பகுதியை வாசிக்கலாம், பெயர்த்துச் சொல்லக்கூடாது என்று பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா விதித்தது. ரூபன் பாவமே செய்யவில்லை, தாயின் மானம் காக்க அப்பாவின் படுக்கையை இடம்மாற்றினான், அவ்வளவுதான் என்று, மிஷ்னாவின் விரிவுரையான தல்மூதில் ரபி ஒருவர் வாதாடினார். ரூபனின் பெயரைக் காக்க இத்தனை பேர் வந்தார்கள். பில்காளுக்காகப் பேசியது யூபிலி நூல், கி.மு. 2ஆம் நூற்றாண்டில் எழுந்தது. எபிரேய வேதாகமத் தொகுப்பில் இடம்பெறாதது. அதில் அவள் தூக்கத்தில் இருக்கிறாள், விழித்துப் பார்த்துக் கத்துகிறாள், வெட்கத்தால் குன்றிப்போகிறாள். யோசேப்பு செத்துவிட்டான் என்ற பொய்ச்செய்தி வந்ததும் அவனுக்காக அழுதே உயிர்விடுகிறாள். ஆதியாகமம் அவளுக்குத் தராத சாவை யூபிலி நூல்தான் தந்தது.

யோசேப்புக்காக அவள் அழக் காரணம் இருந்தது. சூரியனும் சந்திரனும் பதினொரு நட்சத்திரங்களும் தன்னை வணங்கியதாக யோசேப்பு கனவு சொன்னபோது, நானும் உன் தாயுமா வந்து வணங்குவோம் என்று யாக்கோபு அதட்டுகிறான். தாய் ராகேல்தான் செத்துப்போனாளே என்று ரபிமார் யோசித்தார்கள். சந்திரன் பில்காள், அவள்தான் அவனைத் தாயாக இருந்து வளர்த்தாள் என்று ரபிமாரின் மறைநூல் விளக்கமான மித்ராஷ் விடை தந்தது. ராஷியும் அதை வழிமொழிந்தார்.

பிள்ளைகள் பன்னிரண்டுக்குள் சமமாக எண்ணப்பட்டாலும் நின்ற இடம் ஓரமாகவே இருந்தது. எகிப்துக்குப் போன எழுபது பேர் பட்டியலில் சில்பாளின் வழி பதினாறு, ராகேலின் வழி பதினான்கு. வனாந்தரக் கணக்கெடுப்பில் தாண் கோத்திரம் 62,700 பேர். யூதாவுக்கு அடுத்த இடம். ஆனாலும் ஆசீர்வாதத்துக்கு ஒரு மலை, சாபத்துக்கு ஒரு மலை என்று கோத்திரங்களை ஆறாறாகப் பிரித்தபோது இந்த நான்கும் சாபத்தின் பக்கம் போயின. தகப்பன் மனைவியைத் தொட்டவனுக்குச் சாபம் என்ற வரியும் அங்கே உண்டு. அதைக் கேட்டுக்கொண்டு ரூபனின் வம்சமும் பில்காளின் வம்சமும் ஒரே மலையில் நிற்கின்றன. எசேக்கியேல் தீர்க்கதரிசி வருங்கால தேசத்தைப் பங்குபோட்டபோதும் தாண், ஆசேர், நப்தலி வடக்குக் கோடியில், காத் தெற்குக் கோடியில். ஆலயத்துக்கு மிகத் தொலைவான பங்குகள் இவைதான்.

ஆலயத்தைக் கட்டிய கைகளோ இவர்களுடையவை. வனாந்தரக் கூடாரத்தைச் செய்ய யூதா கோத்திரத்துப் பெசலெயேலோடு சேர்க்கப்பட்ட அகோலியாப், தாண் கோத்திரத்தான். வேலைக்காரியின் பிள்ளைகளில் தாழ்ந்த கோத்திரத்தானை, கோத்திரங்களில் பெரியதைச் சேர்ந்தவனுக்குக் கடவுள் சமமாக வைத்தார் என்று ராஷி இங்கே வெளிப்படையாகவே எழுதுகிறார். சாலொமோனின் ஆலயத்துக்கு வெண்கலத் தூண் வார்த்த தீருவின் ஈராம், தாய்வழியில் நப்தலி என்கிறது இராஜாக்கள் நூல். தாண் என்கிறது நாளாகமம். எது சரியானாலும் அவன் பில்காளின் வம்சம்.

9ஆம் நூற்றாண்டில் எல்தாத் என்ற பயணி வட ஆப்பிரிக்காவின் கைருவான் நகருக்கு வந்து, தான் தாண் கோத்திரத்தான் என்றான். கூஷ் நாட்டு ஆறுகளுக்கு அப்பால் தாண், நப்தலி, காத், ஆசேர் ஆகிய நான்கு கோத்திரங்களும் சேர்ந்து வாழ்கின்றன என்று கதை சொன்னான். வேலைக்காரிகளின் நான்கு பிள்ளைகளும் ஒரே இடத்தில். அவன் சொன்னதை எவ்வளவு நம்புவது என்பது தனி விவாதம். ஆனால் எத்தியோப்பியாவின் யூதர்கள் தாண் வழியினர் என்ற கருத்து நிலைத்தது. 16ஆம் நூற்றாண்டில் கெய்ரோவின் ரபி தாவீது இப்னு சிம்ரா அதை ஏற்றார். அவரை ஆதாரம் காட்டி 1973இல் இஸ்ரேலின் செபார்திய தலைமை ரபி ஓவாதியா யோசெப், எத்தியோப்பிய யூதர்கள் யூதர்களே என்று தீர்ப்பெழுதினார். 1991 மே மாதம் சுமார் ஒன்றரை நாளில் 14,000க்கும் மேற்பட்டோரை விமானங்களில் இஸ்ரேலுக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்குக் கதவு திறந்ததில் பில்காளின் மூத்த மகன் பெயருக்குப் பங்கு உண்டு.

நான்கு என்ற எண்ணுக்கு வருவோம். பாபிலோனியத் தல்மூதின் பெராக்கோத் பகுதியில் 16ஆம் ஏட்டின் பின்பக்கம். தந்தையர் என்ற பட்டம் மூவருக்கு மட்டும், அன்னையர் என்ற பட்டம் நால்வருக்கு மட்டும் என்று ஒரு பழைய விதி அங்கே சொல்லப்படுகிறது. ஏன்? நாம் ரூபன் வழியா சிமியோன் வழியா என்று தெரியாததாலா? அப்படியானால் ராகேல் வழியா லேயாள் வழியா என்பதும் தெரியாதே என்று தல்மூதே மறுகேள்வி போடுகிறது. விடை: இவர்கள்வரை சிறப்புடையவர்கள், அதற்கப்பால் இல்லை. பில்காள் பெயரோ சில்பாள் பெயரோ அங்கே எடுக்கப்படவில்லை. ஆனால் அடுத்து வரும் விதியைப் பாருங்கள். வீட்டு அடிமைகளை அப்பா இன்னார், அம்மா இன்னார் என்று அழைக்கக்கூடாது. ரபான் கமாலியேலின் வீட்டில் மட்டும் அப்படி அழைத்தார்கள். தன் அடிமை தாபி இறந்தபோது துக்கம் விசாரிக்க வந்தவர்களை ஏற்றுக்கொண்டவர் இந்தக் கமாலியேல். யார் அன்னை என்ற கேள்வியும், அடிமைப் பெண்ணை அம்மா என்று கூப்பிடலாமா என்ற கேள்வியும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து நிற்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. விலக்கை எழுதிய அதே கை, விலக்குக்கு விலக்கையும் எழுதிவைத்தது.

அந்த விலக்கு மித்ராஷில் பெரிதாகிறது. கூடாரப் பிரதிஷ்டைக்குக் கோத்திரத் தலைவர்கள் ஆறு கூண்டு வண்டிகளைக் கொண்டுவந்தார்கள் என்கிறது எண்ணாகமம். ஏன் ஆறு? ஆறு அன்னையருக்கு ஆறு: சாராள், ரெபேக்காள், ராகேல், லேயாள், பில்காள், சில்பாள். எண்ணாகமத்துக்கான மித்ராஷ் இதைச் சர்ச்சை எதுவுமில்லாமல், எல்லாருக்கும் தெரிந்த செய்தியாகச் சொல்லிவிட்டுப் போகிறது. ஆறு என்ற எண் நம் காலத்துச் சீர்திருத்தவாதிகள் உண்டாக்கியது என்று சொல்பவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டவேண்டும்.

அன்னையராக ஏற்கத் தயங்கியவர்கள் அவர்களுக்கு நல்ல குலம் தேடித் தந்தார்கள். லாபானுக்கு மறுமனையாட்டியிடம் பிறந்த மகள்களே இருவரும் என்றது ஒரு மரபு. அப்படியானால் நால்வருமே அக்காள் தங்கைகள். நப்தலியின் சாசனம் என்ற பழைய நூலில் பில்காளின் தகப்பன் ரொத்தேயு, ரெபேக்காளின் செவிலித்தாய் தெபோராளின் சகோதரன். ஆபிரகாமின் குலத்தில் சுதந்திரமாகப் பிறந்து, சிறைப்பட்டு, லாபானால் விலைக்கு வாங்கப்பட்டவன். இதே கதையின் எபிரேயத் துணுக்கு கும்ரானின் நான்காம் குகையிலும் கிடைத்திருக்கிறது. அதில் தகப்பன் பெயர் அகியோத், தாய் அன்னாள், மூத்தவள் சில்பாள், இளையவள் பில்காள். இந்தக் கதைகளில் அன்பு இருக்கிறது. கூடவே, அடிமையாகப் பிறந்தவள் ஒரு குலத்தின் தாயாக முடியாது என்ற பிடிவாதமும் இருக்கிறது. என் மனம் கமாலியேலின் வீட்டுப் பக்கமே சாய்கிறது.

மக்கள் வழிபாட்டில் அவர்களுக்கு ஓர் இடம் கிடைத்தது. சாராள், ரெபேக்காள், லேயாள் மூவரும் எபிரோனின் மக்பேலா குகையில். ராகேல் பெத்லகேம் வழியில். பில்காளுக்கும் சில்பாளுக்கும் கலிலேயக் கடலோரத் திபேரியாவில் ஒரு கல்லறையை மரபு காட்டுகிறது. மோசேயின் தாய் யோகெபேத், மனைவி சிப்போராள் போன்றோரும் அங்கேயே என்பது நம்பிக்கை. அந்த இடத்துக்கு மக்கள் வழங்கும் பெயர் அன்னையர் கல்லறை.

20ஆம் நூற்றாண்டின் இறுதியில் கேள்வி ஜெபப் புத்தகத்துக்குள் வந்தது. நாள்தோறும் நின்று சொல்லும் முக்கிய ஜெபம், ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகியோரின் கடவுளை அழைத்துத் தொடங்கும். பெண்கள் பெயரும் வேண்டும் என்ற குரல் வட அமெரிக்காவில் வலுத்தது. கன்சர்வேட்டிவ் பிரிவின் சட்டக்குழு 1990இல் அன்னையரைச் சேர்க்க இடம் தந்தது. சீர்திருத்தப் பிரிவு 2007இல் வெளியிட்ட ஜெபநூலில் நான்கு பெயர்களும் அச்சாயின. பழைமைப் பிரிவினர் ஜெபத்தில் கைவைக்கவில்லை. நான்கு சேர்ந்தவுடனே அடுத்த கேள்வி எழுந்தது: ஏன் ஆறு இல்லை? ஆதியாகமம் 30ஆம் அதிகார வரிகளை முகப்பில் வைத்து மார்கரெட் அட்வுட் 1985இல் வெளியிட்ட நாவலும், யாக்கோபின் நான்கு மனைவியரையும் அவன் மகள் தீனாளின் தாய்மாராக வைத்து அனிதா டயமண்ட் 1997இல் எழுதிய நாவலும் பில்காளையும் சில்பாளையும் பொதுவாசகர் வரை கொண்டுசென்றிருந்தன. சில சபைகள் ஆறு பெயரையும் சொல்லத் தொடங்கின.

எதிர்ப்பு பழைமைவாதிகளிடமிருந்து மட்டும் வரவில்லை. கட்டாயத்தால் பெற்றவர்களுக்கு அன்னை என்ற பட்டம் சூட்டினால் அந்தக் கட்டாயமே மறைந்துபோகாதா என்று கேட்கிறவர்கள் உண்டு. ஆப்பிரிக்க அமெரிக்க விவிலிய அறிஞர் வில்டா காஃப்னி 2017இல் வெளியிட்ட நூலில் இந்தப் பெண்களின் அடிமை நிலையை நேராகப் பெயர் சொல்லியே பேசுகிறார். இந்தக் கேள்வி நியாயமானது. ஆனாலும் பெயரே சொல்லாத இடத்தில் நடந்த கொடுமையை யாரும் கேட்கவும் போவதில்லை. சொன்னால்தான் பக்கத்தில் நிற்கும் பிள்ளை, அது யார் என்று கேட்கும்.

ஆறு பெயர் சொல்லும் இடங்களில் இப்போது வரிசைதான் பேச்சு. பெரும்பாலும் பில்காளும் சில்பாளும் கடைசியில் வருகிறார்கள். முதல் பிள்ளை பெற்ற வரிசைப்படி பார்த்தால் லேயாளுக்கு அடுத்தவள் பில்காள், மூன்றாவது சில்பாள், நான்காவதாகத்தான் ராகேல்.